மூச்சைப் பிடித்த தெரு

மதுரைக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற வாலைக்கரைப்பட்டியில், கிணற்றுத் தெருவுக்கு மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் வந்தது. எல்லாச் சாயங்காலமும் வருவதுபோலத்தான் அதுவும் வந்தது, மேற்குப் பக்கம் புளியமரத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து, சுவர்களுக்கெல்லாம் மஞ்சள் பூசி, ஆட்டுக்குட்டிகளின் காதுகளைச் சிவப்பாக்கி, திம்மென்று தெரு முழுக்க நிறைந்தது. வந்தது போகவில்லை. பக்கத்துத் தெருவில் ராத்திரி வந்து, விடிந்து, மறுபடி ராத்திரி வந்தது. கிணற்றுத் தெருவில் மட்டும் அதே சாயங்காலம் நின்றுகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அலட்டிக்கொள்ளாமல் ஒரே வரியில் சொல்வார்கள்: "திருச்சியிலருந்து வந்த அக்கா மூச்சப் புடிக்கச் சொல்லிட்டு, விடச் சொல்ல மறந்துட்டாக."

அந்த அக்காவின் பெயர் கமலவேணி. உறையூர்க்காரி. ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில், பாதி ஆயுசை இருட்டிலும் மீதியை ஈய உடுப்புக்குள்ளும் கழித்தவள். சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கிறவர்களிடம், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பாள், பொத்தானை அழுத்துவாள், "விடலாம்" என்பாள். வாத்தியாரானாலும் வம்புக்காரனானாலும் அவள் பிடி என்றால் பிடித்தார்கள், விடு என்றால் விட்டார்கள். கட்டிய புருஷன்தான் அவள் சொல்லுக்கு நிற்காமல் எப்போதோ வேறு குடும்பம் தேடிப் போய்விட்டான். அவளுக்கு என்று இருந்தது ஒரே மகள்.

மகளின் பெயரை நான் மறைக்கவில்லை. கமலவேணி அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. பெற்றவளே எடுக்காத பெயரை நான் எடுப்பது முறையில்லை.

போன ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. கமலவேணியே தன் கையால் மகளை எக்ஸ்ரே பலகையில் நிறுத்தினாள். "எவ்ளோ நேரம்மா புடிக்கிறது, நான் என்ன பலூனா?" என்று அந்த நிலையிலும் மகள் வாயாடினாள். படம் எடுத்தாகிவிட்டது. "விடலாம்" என்றாள் அம்மா. மகள் விட்டாள். அப்புறம் அந்த நெஞ்சில் மூச்சு சரியாக நிற்கவே இல்லை. தீவிர சிகிச்சை, குழாய், கையெழுத்து என்று எல்லாம் நடந்து, கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டிலிருந்து மகளை எடுக்கிறபோது பொழுது சாய்ந்துவிட்டது. கமலவேணி அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து வாயைத் திறந்த நேரத்தில், அத்தைக்காரி ஒருத்தி அவள் வாயைப் பொத்தி, "விளக்கு வைக்கிற நேரம்டி. லட்சுமி வர்ற நேரம். இப்ப அழக்கூடாது" என்றாள். வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் அழலாம் என்று திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை, எங்கேயோ போய் அடைத்துக்கொண்டுவிட்டது. வேலைக்கும் அவள் திரும்பப் போகவில்லை. 'பிடிங்க' என்ற சொல் வந்தது. 'விடலாம்' வரவில்லை. பாதிச் சொல்லை வைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க முடியாது.

இப்படி இருக்கையில் தூத்துக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் போன் செய்தார். அருளப்பன் என்று பெயர். சின்னச் சின்னக் குழுவாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் பிழைப்பு. மதுரையில் பாதி, கிராமத்தில் பாதி என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறாராம். அதில் மகள் மழைக்கு முன்பே இடம் பிடித்து வைத்திருந்தாளாம்.

"விஷயம் இப்பதான் தெரியும்மா. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்துரட்டுமான்னு உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா?"

"குடுக்காதீங்க" என்றாள் கமலவேணி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. "அவ இடத்துக்கு நான் வரேன்."

மகளின் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். குழுவில் ஆறு பேர். அவர்களில் வைத்தியலிங்கம் என்று பணி ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், தோளில் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸைச் சுமந்துகொண்டு, ஒரு மல்லிகைப் பூவை எடுக்க பத்தடி பின்னால் போய், பூக்காரியின் கூடையில் இடித்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பூ மார்க்கெட், கோபுர வீதி, ஜிகர்தண்டாக் கடை, செருப்புத் தைக்கிறவரின் குடை என்று எல்லாரும் சுட்டுத் தள்ளினார்கள். கமலவேணியும் கேமராவைக் கண்ணில் வைத்தாள். வைத்தாளே தவிர அழுத்தவில்லை. அந்தப் பொத்தானைக் கடைசியாக அழுத்தியது மகளின் விரல். அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முதுகை எடுத்திருந்தாள், அதுவும் ஆடிப்போன படம். அதற்கு மேல் யார் அழுத்தினாலும் கடைசி விரல் வேறு விரல் ஆகிவிடும். ஆகவே கமலவேணி பார்த்தாள், பார்த்தாள், பார்த்துவிட்டுக் கேமராவை இறக்கினாள்.

சாயங்காலம் லாட்ஜில் எல்லாரும் படங்களைக் காட்டியபோது அவள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றாள். அருளப்பன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு கிராமம்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "பொழுது சாயும்போது ஒரு வெளிச்சம் வரும் பாத்துக்கிடுங்க. அது கல்யாண மாப்பிள்ளை மாதிரி. வருவேன் வருவேன்னு நாள் பூரா காக்க வைக்கும். வந்துட்டா அந்த நிமிஷமே கவனிச்சுரணும், இல்லன்னா கோச்சுக்கிட்டுப் போயிரும்."

இப்படியாக அவர்கள் வாலைக்கரைப்பட்டிக்கு வந்தார்கள். கிணற்றுத் தெருவில் விருமாயி என்பவளின் வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு. விருமாயியின் புருஷன் சடையன், கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்துப் பார்த்து, ஊருக்கு ஜல்லியும் தன் நெஞ்சுக்குத் தூசியுமாகச் சேர்த்துக்கொண்ட மனுஷன். மதுரையில் எத்தனையோ முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா வச்சுப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று விருமாயிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் மல்லிகைச் செடிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவரை உட்கார வைத்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். அவர் இருமுகிற சத்தத்தில் காக்கைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன.

வெளிச்சம் வந்தது. அருளப்பன், "எடுங்க, எடுங்க" என்று கத்தினார். ஐந்து பேரும் தெருவில் சிதறினார்கள். கமலவேணி மட்டும் நின்ற இடத்தில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தாள். அதற்குள் கட்டில், மல்லிகை, சுவரில் விழுந்த முருங்கை நிழல், நடுவில் கூடு தெரியும் நெஞ்சோடு சடையன். எத்தனை ஆயிரம் நெஞ்சைப் பார்த்தவள் அவள்! அந்த நெஞ்சைப் பார்த்ததும் கையும் வாயும் அவளைக் கேட்காமலே பழைய வேலைக்குப் போய்விட்டன.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள்.

எத்தனையோ எக்ஸ்ரே பார்த்த மனுஷன் அல்லவா, சடையன் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்தார். அவரோடு தெருவும் பிடித்தது. முருங்கை நிழல் சுவரில் அப்படியே நின்றது, வெளிச்சம் நின்றது. கமலவேணியின் விரல் பொத்தானுக்கு மேல் வந்து, அங்கேயே நின்று, பிறகு விலகிவிட்டது. அடுத்த சொல் வரவில்லை.

முதலில் இதைக் கண்டுகொண்டவை கோழிகள். அடையப் போக வேண்டிய நேரம் என்று கூடை வரைக்கும் போய், இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, கடைசியில் சலித்துப்போய் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டன. அடுத்தபடியாகக் கண்டுகொண்டவை கொசுக்கள். அவற்றுக்கு மட்டும் கொண்டாட்டம். மனுஷர்களுக்கு இது தெரியவர ராத்திரிச் சாப்பாடு முடிய வேண்டியிருந்தது. டிவியில் எல்லாத் தொடரும் முடிந்து, 'என்னடா இது, வெளியில இன்னும் பொழுது அடையல' என்று எட்டிப் பார்த்தார்கள். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. தெரு முனையைத் தாண்டிக் கால் வைத்தால் கும்மிருட்டு. ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் பொன் வெயில்.

யாரும் பயப்படவில்லை. மழை பெய்யாததையே பார்த்துப் பழகிய ஊர், வெயில் போகாததற்கா பயப்படும்? ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. பொழுது போகவில்லை என்றால் இது எந்நேரம்? விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு கூட்டக்கூடாது, உப்பும் தயிரும் ஊசியும் கடன் கொடுக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, படுத்துத் தூங்கக்கூடாது. எல்லாத்துக்கும் மேலே, அழக்கூடாது. கால் மணி நேரத்துக்கு இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கட்டிக்காத்துவிடலாம். போகாத சாயங்காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கூட்டம் போட்டார்கள். பூசாரி பெரியகருப்பன் யோசித்துப் பார்த்து, "கடிகாரத்தப் பாத்து நடந்துக்கங்கப்பா. காலைல ஆறுன்னு காட்டுச்சுன்னா ஆறுதேன். கூட்டிப் பெருக்க வேண்டியதுதேன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"லட்சுமி என்ன கடிகாரத்தப் பாத்தா வீட்டுக்கு வருவா? வெளிச்சத்தப் பாத்துத்தேன வருவா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆக, பழகிக்கொண்டார்கள். கிணற்றுத் தெருக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தார்கள். உப்பு வேண்டுமென்றால் இரண்டு வீட்டுக்காரிகளும் தெரு முனைக்கு நடந்து, அந்தப் பக்கம் நின்று கொடுத்து வாங்கிக்கொண்டு, ஒன்றாகத் திரும்பி நடந்தார்கள்; அந்த நடையில் இரண்டு பழைய சண்டைகள் தீர்ந்து, ஒரு புதுச் சண்டை மூண்டது. குப்பை வாசலுக்கு வாசல் சேர்ந்தது. தலை வார முடியாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வடக்குத் தெருவில் வரிசையாக உட்கார்ந்து பின்னிக்கொண்டு போனார்கள். தம்பி செத்த சேதி வந்த ஒருத்தி, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு தெரு முனைக்கு ஓடி, அங்கே உட்கார்ந்து மண்ணை வாரிப் போட்டு அழுது தீர்த்து, அடிகுழாயில் முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல் உள்ளே வந்தாள்.

விருமாயி வீட்டு மல்லிகை மட்டும் ஓயவே இல்லை. அது அந்தி கண்டு பூக்கிற செடி. அந்தி போகாததால் மொட்டு விரிந்துகொண்டே இருந்தது, பறித்த இடத்தில் மறுபடி விரிந்தது. தெருவே மணத்தில் கிறங்கிக் கிடந்தது.

படம் எடுக்க வந்தவர்களுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. வைத்தியலிங்கம் ஒரே ஆட்டுக்குட்டியை முன்னாலும் பின்னாலும் படுத்தும் தவழ்ந்தும் எடுத்தார். சேதி பரவி உசிலம்பட்டியிலிருந்தும் தேனியிலிருந்தும் மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள் வந்து இறங்கின; வேன்கள் வரிசை கட்டின; எவனோ ஒருவன் டீக்கடை போட்டான். தெருக்காரர்கள் ஜோடிகளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள், மணப்பெண்களுக்கு விருமாயி வீட்டு மல்லிகையைச் சும்மாவே கொடுத்தார்கள். ஆனால் அதுவும் ஓய்ந்தது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனதும், இப்போதே எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வைத்தியலிங்கமே ஒருநாள் லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, "போகாத வெளிச்சத்துல என்னதான் எடுக்கிறது, சலிப்பா இருக்கு" என்றார். பயிற்சி முடிந்து குழு கிளம்பியது.

கமலவேணி கிளம்பவில்லை. அருளப்பன் வேனில் ஏறுகிற நேரத்தில் அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க இருந்துட்டு வாங்கம்மா. உங்க படம் இன்னும் முடியலல்லா."

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. ஏனென்றால் சடையன் அன்றைக்குப் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை. கட்டிலில் நெஞ்சு நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்தார். இருமல் இல்லை, இழுப்பு இல்லை, பசி இல்லை, பேச்சும் இல்லை. என்ன ஆச்சு என்று ஊர் கூடிக் கேட்டபோது அவர் கமலவேணியைக் கை காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, விரல்களை இறுக்கி மூடிக் காட்டினார். பிறகு கையைத் திறந்து, இல்லை என்று ஆட்டினார். பிடிக்கச் சொன்னார்கள், இன்னும் விடச் சொல்லவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனுஷன்.

"ஏம்மா, ஒரு வார்த்தைதான, விடச் சொல்லிருங்களேன்" என்றார் பூசாரி.

கமலவேணி தொண்டையைச் செருமி, பல்லைக் கடித்து, எப்படியோ அந்தச் சொல்லை உதட்டு நுனிக்குக் கொண்டுவந்து உதிர்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. படம் எடுக்காமல் சொன்ன 'விடலாம்' செல்லாது. அது அவளுக்கே தெரியும். அவள் தொழில் அது. பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்த அவளால் முடியாது.

அவளை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது தேவலை. "முடியுறப்ப எடுக்கட்டும்" என்று அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

விருமாயி மட்டும் ஒருநாள் கிணற்றடிக்கு அவளைத் தனியாகக் கூட்டிப்போனாள். திட்டத்தான் போகிறாள் என்று கமலவேணி நினைத்தாள். விருமாயி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஊர்க்காரவுக நாலு சொல்லுவாக. நீ எடுத்துராத."

கமலவேணிக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு ராத்திரி தாங்காதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. மக கட்டிக்குடுத்த ஊருக்கு ஆளு அனுப்பலாமான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், நீ வந்து மூச்சப் புடிக்கச் சொன்ன. இப்பப் பாரு, இருமலு இல்ல. ராசா கணக்கா உக்காந்திருக்காரு. ராத்திரி வந்தாத்தான அவரக் கூட்டிட்டுப் போகும்? வராமலே கெடக்கட்டும். உப்புக் குடுக்காட்டி என்ன, தெரு கூட்டாட்டி என்ன."

கமலவேணிக்கு அடைத்துக் கிடந்ததில் ஒரு கல் நகர்ந்ததுபோல் இருந்தது. முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பலகையில் மகளை நிறுத்தியது, பலூனா என்று அவள் கேட்டது, விடலாம் என்று தான் சொன்னது, கேமராவில் மகளின் விரல் கடைசியாக இருப்பது, எல்லாம். பெயரை மட்டும் சொல்லவில்லை. "நான் விடச் சொல்லாம இருந்திருந்தா அவ புடிச்சுக்கிட்டே இருந்திருப்பாளோன்னு தோணுது விருமாயி. சொன்னா கேக்குற புள்ள அவ."

"எடுக்காதக்கா" என்றாள் விருமாயி மறுபடியும். இரண்டு பேரும் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அழவில்லை, விளக்கு வைக்கிற நேரம்.

அதிலிருந்து இரண்டு பேரும் அந்தச் சாயங்காலத்தை ஒரு பச்சைப் பிள்ளையைப்போல் பாதுகாத்தார்கள். யாராவது கேமராவின் பக்கம் பேச்செடுத்தால் விருமாயி சண்டைக்குப் போனாள். இரண்டு பேரும் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, பறிக்கப் பறிக்கத் தீராத மல்லிகையைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பங்குனியும் பிறந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த இரண்டு பொம்பளைகளுக்கும் அவர்கள் ஆயுசில் நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கமலவேணி எக்ஸ்ரே எடுத்தவள். நெஞ்சைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பார்த்தாள். சடையனின் கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது. கண்கள் இரண்டும் வெளியே வந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிறவனின் கண்களாக இருந்தன. மூச்சைப் பிடிப்பது என்பது சும்மா இருப்பது இல்லை, அது ஒரு வேலை; சுமை தூக்குவது மாதிரி ஒரு வேலை. இத்தனை நாளும் அவர் அதை இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். தன் மகளும் குழாயோடு கிடந்த நாட்களில் கண்ணைத் திறந்து இப்படித்தான் அம்மாவைப் பார்த்தாள் என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அதை அன்றைக்கே பார்த்திருந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

"விருமாயி" என்றாள். "அவரு முகத்தக் கொஞ்சம் பாரு."

"நான் பாக்க மாட்டேன்" என்றாள் விருமாயி, பூவை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சடையன் கையை நீட்டி விருமாயியின் தலையைத் தொட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். மூடிய விரல்களை மெதுவாகத் திறந்து காட்டினார். திறந்த கையை அப்படியே அவள் முன்னால், பிச்சை கேட்கிறவனைப்போல நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விருமாயி பார்த்தாள். கட்டிக்கொண்ட புதிதில், கிணற்றில் குதித்து முங்கி, மேலே வராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே கிடந்து, மேலே நிற்கிறவளைக் கதறவிடுகிற விளையாட்டு அவருக்கு உண்டு. அவள் எட்டிப் பார்த்து அழுகிற குரலில் கூப்பிட்ட பிறகுதான் சிரித்துக்கொண்டு வெளியே வருவார். அந்தக் குரலைத்தான் இப்போது அவள் எடுத்தாள்.

"போதும்ங்க. வெளாண்டது போதும். மேல வாங்க."

கட்டிலில் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். கட்டியிருந்த மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டாள். கமலவேணியைப் பார்த்து, "எங்க ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல ஒரு படம் இல்லக்கா. எடு" என்றாள்.

சேதி எப்படித்தான் போனதோ, கடிகாரப்படி ராத்திரி ஆகிவிட்டதால் வடக்குத் தெருவுக்குத் தூங்கப் போயிருந்தவர்கள் போக, தெருவின் இரண்டு முனையிலும் ஊர் கூடிவிட்டது. கமலவேணி கேமராவைக் கண்ணில் வைத்தாள். விரலைப் பொத்தானின் மேல் வைத்தாள். பிளாஸ்டிக் வழவழவென்று, ஏற்கெனவே ஒரு விரல் தேய்த்துத் தேய்த்து லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் அவள் விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. மகள் கை அச்சு அசல் தன் கைதான் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை மறந்தே போயிருந்தாள்.

அழுத்தினாள்.

"விடலாம்" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் தெளிவாக வந்தது. "விடலாம்ங்கய்யா. விடலாம்மா."

சடையன் மூச்சை விட்டார். பெருமூச்சு. அது மல்லிகைச் செடியை அசைத்து, முருங்கை மரத்தை அசைத்து, வாசலில் சேர்ந்திருந்த குப்பையையெல்லாம் சுழற்றிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் காற்றாகப் போயிற்று. சுவரில் நின்ற நிழல் நகர்ந்தது. வெளிச்சம் புளியமரத்துக்கு அடியில் குனிந்து, வந்த வழியே வெளியேறியது. கோழிகள் விழித்துக்கொண்டு கூடைக்கு ஓடின. தெருவில் ராத்திரி வந்தது, மேலே நட்சத்திரம் இருந்தது. சடையன் விருமாயியின் தோளில் சாய்ந்திருந்தார். அடுத்த மூச்சை அவர் இழுக்கவில்லை.

விருமாயி அவர் கண்களை மூடினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஒரு சின்னப் பிள்ளை அனுமதி கேட்கிற மாதிரி, "வெளக்கு வைக்கிற நேரம் போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு ஆத்தா" என்றார்கள் பெண்கள். "நல்லாப் போயிருச்சு. அழு."

அழுதார்கள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த தெரு. பெண்கள் வட்டமாகக் குந்தி, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, ஆடி ஆடி ஒப்பாரி வைத்தார்கள். சடையனுக்காகத் தொடங்கி, அப்படியே அவரவர் வீட்டில் செத்தவர்களுக்குப் போனார்கள். அதுதானே வழக்கம், ஒரு சாவில் எல்லாச் சாவுக்கும் அழுதுகொள்வது. கமலவேணி கேமராவைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அவளுக்கு இன்னும் வரவில்லை. விருமாயி வட்டத்திலிருந்து கையை நீட்டி, அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஒம் மக பேரச் சொல்லுக்கா. பேரு தெரியாம எப்படி அழுகுறது?"

கமலவேணி வாயைத் திறந்தாள். அத்தைக்காரி பொத்திய வாய். இங்கே பொத்த யாரும் இல்லை.

"யமுனா" என்றாள்.

"எமுனா" என்று வாங்கிக்கொண்டார்கள் கிணற்றுத் தெருப் பெண்கள், அவர்கள் வாய்க்கு வந்தபடி. "ஏ எமுனா, நான் பெத்த எமுனா, படம் புடிக்க வந்தவளே, பாதி வழி போனவளே" என்று, ஒருநாளும் பார்த்திராத பெண்ணின் பெயரை, அவள் வர இருந்து வராமல் போன தெருவில் உட்கார்ந்து கூப்பிட்டார்கள். கமலவேணி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், ஐப்பசியிலிருந்து பிடித்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து விட்டாள். அவள் கதறிய கதறல் வடக்குத் தெரு வரைக்கும் கேட்டது. அங்கே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, விளக்கைப் போட்டுவிட்டு, யாருடைய பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.